செல், உப்பு, நரம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளையில் நர்சிங், பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். பலர் புதுச்சேரியில் கல்லூரி முடிந்து பஸ் பிடித்து நேராக வருகிறவர்கள். செல், நரம்பு ஆகிய இரண்டு பாடத்திலும் ஒவ்வொரு பேட்ச்சும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறது. அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஓரிரண்டு, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் கேட்டவை. நேராகக் கடைசிக் கேள்விகளுக்குத் தாவ வேண்டாம். அவை முன்னால் சொன்னதை வைத்துத்தான் புரியும்.

சார், செல்லுக்கு உள்ளேயும் தண்ணி, வெளியேயும் தண்ணி. அப்புறம் என்ன வித்தியாசம்?

உப்பில் வித்தியாசம். செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், உள்ளே 12 அளவுக்குத்தான். பொட்டாசியம் நேர்மாறு: உள்ளே சுமார் 140, வெளியே வெறும் 4. கால்சியத்தில் இடைவெளி இன்னும் பெரிது. வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் செல்லுக்குள் கட்டில்லாமல் மிதக்கிறது. இந்த எண்களை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள். மற்றதை யோசித்தே வருவித்துக்கொள்ளலாம்.

இரண்டையும் பிரித்து வைத்திருப்பது இரண்டடுக்குக் கொழுப்பாலான சவ்வு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. மின்னூட்டம் உள்ள அயனிகளால் கொழுப்பைக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் வழிவிட்டால்தான் உண்டு. சேனல்கள், பம்புகள் எல்லாம் அந்தப் புரதங்கள்தான்.

உடம்புல கரண்ட் ஓடுதுன்னா நமக்கு ஏன் ஷாக் அடிக்கல?

சவ்வுக்கு இரு பக்கமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு நரம்புச் செல்லில் சுமார் 70 மில்லிவோல்ட். டார்ச்சில் போடும் பேட்டரியில் இருப்பது 1,500 மில்லிவோல்ட். அதோடு, வீட்டு ஒயரில் எலெக்ட்ரான் ஒயர் நெடுக ஓடுகிறது. நரம்பில் அயனிகள் சவ்வைக் குறுக்காகக் கடக்கின்றன. ஒரு இடத்தில் கடந்தால் அது பக்கத்து இடத்தைத் தூண்டும், அங்கே கடக்கும், அது அதற்கடுத்த இடத்தைத் தூண்டும்.

ஆனால் 70 மில்லிவோல்ட் என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். அவ்வளவு மெல்லிய சவ்வின் மேல் அது விழுகிறது. மீட்டர் கணக்கில் மாற்றினால் மீட்டருக்கு ஏறக்குறைய 1 கோடி வோல்ட் வரும். சேனல் புரதங்கள் திறப்பதும் மூடுவதும் இந்த விசையை உணர்ந்துதான். இது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் கணக்கு.

பொட்டாசியம் பிளஸ் தானே? அது உள்ளே நிறைய இருந்தா உள்பக்கம் ஏன் மைனஸ்?

இந்த இடத்தில் தடுமாறாத மாணவரை நான் பார்த்ததில்லை. உள்ளே பொட்டாசியம் பிளஸ்தான். ஆனால் அதற்கு ஈடாகப் புரதம், பாஸ்பேட் போன்ற மைனஸ் பொருள்களும் உள்ளே இருக்கின்றன. அதனால் தொடக்கத்தில் கணக்கு சமம். நரம்பு ஓய்வாக இருக்கும்போது சவ்வில் பொட்டாசியத்துக்கான கசிவுச் சேனல்கள்தான் அதிகம் திறந்திருக்கும். உள்ளே 140, வெளியே 4 என்பதால் பொட்டாசியம் வெளியே கசியும். கூட இருந்த மைனஸ் பொருள்களால் அதன் பின்னால் போக முடியாது. பிளஸ் போய் மைனஸ் தங்கிவிட, உட்பக்கம் மைனஸ் ஆகிறது.

அப்படியானால் பொட்டாசியம் முழுவதும் காலியாகிவிடாதா? ஆகாது. உட்பக்கம் மைனஸ் ஆக ஆக அது பொட்டாசியத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும். வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதும் சமமாகும் இடம் மைனஸ் 95 மில்லிவோல்ட்டை ஒட்டி வரும். சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிவதால் நரம்பு அதைவிடச் சற்று மேலே, மைனஸ் 70 பக்கத்தில் நிற்கிறது. இந்த அளவுக்கு மின்னழுத்தம் வர, உள்ளே உள்ள பொட்டாசியத்தில் மிகமிகச் சொற்பம் வெளியேறினாலே போதும்.

அப்போ சோடியம் பொட்டாசியம் பம்ப் என்னதான் செய்யுது?

ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுத்து, 1 ஏடிபி (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) செலவழிக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ நண்டின் கால் நரம்பில் இதைக் கண்டுபிடித்து 1957-ல் வெளியிட்டார். 40 வருடம் கழித்து, 1997-ல் நோபல் பரிசு வந்தது.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் நம் மாவட்டத்து வீராணத்தைத்தான் சொல்வேன். கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஏரியை நிரப்பி வைப்பது ஒரு வேலை. மதகைத் திறந்து வயலுக்கு விடுவது இன்னொரு வேலை. பம்ப் ஏரியை நிரப்புகிறது. சேனல்தான் மதகு. நரம்புச் செய்தி என்பது மதகு திறப்பு. இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தால் இந்தப் பாடம் முழுவதும் வசப்படும். குழப்பினால் கடைசிவரை எதுவும் பொருந்தாது.

ஓஆர்எஸ்ல உப்பு போதாதா, எதுக்கு குளுக்கோஸ்? குழந்தைக்கு இனிப்பு பத்தலன்னு கூட ரெண்டு ஸ்பூன் சக்கரை போடலாமா?

நரம்புக்குச் சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியும், ஆனால் இதுவும் அதே ஏரிதான். குடலின் செல்லில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து மட்டுமே உள்ளே விடும் ஒரு புரதம் உண்டு. செல்லுக்குள் சோடியம் குறைவாக இருப்பதால் (பம்பின் உபயம்) சோடியம் உள்ளே பாய்கிறது. பாயும்போது குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு வருகிறது. பின்னாலேயே தண்ணீர் வருகிறது. காலரா நச்சு குடலின் மற்ற வேலைகளைக் கெடுத்தாலும் இந்த வழியைக் கெடுப்பதில்லை. 1971-ல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பொங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

இப்போதுள்ள உலக சுகாதார நிறுவனக் கலவையில் 1 லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கூடுதல் சர்க்கரை போடவே கூடாது. உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள்ளேயே தண்ணீரைப் பிடித்து வைத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சடித்திருக்கிறதோ, முழு பாக்கெட்டையும் அவ்வளவிலேயே கரையுங்கள்.

ஆக்‌ஷன் பொட்டென்ஷியல்ல என்ன நடக்குதுன்னு ஒரு தடவை வரிசையா சொல்லுங்க சார்.

சரி, மெதுவாகப் பார்ப்போம். ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் என்பது நான் சொல்லும் நரம்புச் செய்திதான். நரம்பு மைனஸ் 70-ல் இருக்கிறது. ஏதோ ஒரு தூண்டல் அதை மைனஸ் 55 பக்கம் கொண்டுவருகிறது. அந்த அளவில் மின்னழுத்தத்தை உணரும் சோடியம் சேனல்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. பாய்ந்ததால் உட்பக்கம் இன்னும் பிளஸ் பக்கம் நகர்கிறது. அதனால் இன்னும் பல சோடியம் சேனல்கள் திறக்கின்றன. மதகு தன்னைத்தானே மேலும் திறந்துகொள்கிறது. கண் சிமிட்டும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட ஆவதற்குள் உட்பக்கம் பிளஸ் 30-ஐத் தொடுகிறது.

அங்கே இரண்டு விஷயம் நடக்கிறது. சோடியம் சேனலில் இன்னொரு அடைப்பு இருக்கிறது, அது உள்ளிருந்து வந்து வழியை அடைத்துக்கொள்கிறது. கூடவே, தாமதமாகத் திறக்கும் பொட்டாசியம் சேனல்கள் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியே போக, உட்பக்கம் மறுபடி மைனஸ். எல்லாம் 1 மில்லி விநாடி அளவில் முடிந்துவிடும். அந்த அடைப்பு விலகச் சற்று நேரம் ஆகும். சவ்வு மறுபடி மைனஸுக்குப் போனால்தான் அது விலகும். அதனால்தான் செய்தி வந்த வழியே திரும்பாமல் முன்னால் மட்டும் போகிறது. இந்த அடைப்பைக் கடைசிக் கேள்விவரை மறக்காதீர்கள்.

இதையெல்லாம் கண்டுபிடித்துக் கணக்காக்கியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். ஆண்டு 1952, நோபல் 1963-ல். அவர்கள் பயன்படுத்தியது கணவாயின் நரம்பு. ஆபத்து வந்தால் கணவாய் உடலைச் சுருக்கி நீரைப் பீய்ச்சிப் பின்னால் பாயும் அல்லவா, அந்தத் தசைக்குப் போகும் நரம்பிழை அரை மில்லிமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை பருமன். நம் உடம்பில் ஆகப் பருமனான இழையே மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கணவாயின் இழைக்குள் மின்கம்பியையே நீளவாக்கில் செருக முடிந்தது. கடலூர் துறைமுகத்தில் கூடை கூடையாக இறங்கும் கணவாயைப் பார்க்கும்போது இதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் நான் நகர்வதில்லை.

கீழே இறங்கும்போது பம்ப்தானே சோடியத்தை வெளியே தள்ளி மைனஸ் ஆக்குது?

இல்லை. விடைத்தாளில் நான் பார்க்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். மைனஸுக்குத் திருப்பிக் கொண்டுவருவது பொட்டாசியம் வெளியேறுவது, மேலே சொன்னபடி. பம்ப் மிக மெதுவானது. 1 மில்லி விநாடியில் முடியும் வேலைக்கு அது ஈடுகொடுக்காது.

கணவாய் நரம்பில் பம்பை மருந்தால் நிறுத்திவிட்டுத் தூண்டினாலும் அது ஆயிரக்கணக்கில் செய்திகளை அனுப்பும். ஒரு செய்திக்கு உள்ளே வரும் சோடியம் அவ்வளவு சொற்பம். ஏரி நிரம்பியிருக்கும்வரை மதகு வேலை செய்யும். நிரப்புவதை நிறுத்தினால் ஒருநாள் வற்றும், உடனே வற்றாது. மெல்லிய இழைகளில் சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வலி அதிகமா இருந்தா சிக்னல் பெரிசா வருமா?

வராது. ஒவ்வொரு செய்தியும் ஒரே உயரம். ஏனென்று முந்தைய பதிலுக்கு முந்தையதைப் பாருங்கள், மதகு தானே முழுக்கத் திறந்துகொள்கிறது. வலி கூடினால் ஒரு விநாடிக்கு வரும் செய்திகளின் எண்ணிக்கை கூடும். செய்தி அனுப்பும் இழைகளின் எண்ணிக்கையும் கூடும்.

கால் விரல்ல கல்லு இடிச்சா முதல்ல சுருக்னு ஒரு வலி, அப்புறம் மெதுவா இன்னொரு வலி வருதே?

இரண்டு வேறு நரம்பிழைகள். முதல் வலியை மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய மெல்லிய இழை கொண்டுவருகிறது. விநாடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைக் கொண்டுவரும் இழைக்கு உறை இல்லை. விநாடிக்குச் சுமார் 1 மீட்டர். விரலிலிருந்து தண்டுவடம் 1 மீட்டர் தூரம் என்றால் முன்னது விநாடியில் இருபதில் ஒரு பங்கிலும், பின்னது ஒரு விநாடி கழித்தும் வந்து சேரும்.

உறை இருந்தால் ஏன் வேகம்? உறைக்கு நடுவே 1 மில்லிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. சோடியம் சேனல்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. செய்தி இடைவெளிக்கு இடைவெளி தாவுகிறது. தசைக்குப் போகும் பருமனான இழைகளில் இது விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். பிசியோதெரபிப் பிள்ளைகள் பார்க்கும் கில்லன்-பாரே (கை கால் தளர்ந்துபோகும் நரம்பு நோய்) நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இந்த உறைதான் சேதமாகியிருக்கும்.

பல் பிடுங்கும்போது போடற ஊசி எப்படி மரக்க வைக்குது? சீழ் இருந்தா ஏன் மரக்கறதில்ல?

அந்த ஊசியில் உள்ள லிக்னோகெய்ன் நரம்புக்குள் நுழைந்து, சோடியம் சேனலை உள்பக்கமிருந்து அடைக்கிறது. மதகு திறக்காவிட்டால் செய்தி இல்லை. உள்ளே நுழைய அது மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்கவேண்டும். சீழ் பிடித்த ஈறு அமிலத்தன்மை ஏறியிருக்கும். அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்னூட்டம் பெற்றுச் சவ்வுக்கு வெளியிலேயே நின்றுவிடும். பேத்தை மீனின் நஞ்சும் இதே சேனலைத்தான் அடைக்கிறது, ஆனால் வெளிப்பக்கமிருந்து. அது உடல் முழுவதும் பரவி மூச்சுத் தசைகளையும் நிறுத்திவிடும் என்பதால் வலையில் விழுந்தாலும் அதை யாரும் குழம்பு வைக்கக்கூடாது. சமைத்தாலும் அந்த நஞ்சு அழியாது.

நரம்பு முடியற இடத்துல சிக்னல் எப்படி தசைக்குத் தாவுது?

மின்சாரமாகத் தாவுவதில்லை. நரம்பு முனைக்குச் செய்தி வந்ததும் அங்கே கால்சியம் சேனல்கள் திறக்கின்றன. முதல் பதிலில் சொன்ன பத்தாயிரம் மடங்கு இடைவெளி இங்கேதான் கைகொடுக்கிறது. கால்சியம் உள்ளே பாய்ந்ததும், அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு ஒட்டித் திறந்து கொட்டுகின்றன. அது எதிரே தசையில் உள்ள ஏற்பியில் ஒட்ட, அங்கே புதிதாக ஒரு செய்தி பிறக்கிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே சிதைத்துவிடும். ஒரு நரம்பு ரசாயனம் மூலம் பேசுகிறது என்பதை 1921-ல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து நிரூபித்தார். ஒரு இதயத்தின் நரம்பைத் தூண்டி, அது நனைந்திருந்த நீரை இன்னொன்றுக்கு விட்டார். இரண்டாவது இதயமும் வேகம் குறைந்தது.

கட்டுவிரியன் கடிச்சவருக்கு இமை விழுது. பூச்சிமருந்து குடிச்சவருக்கு எச்சில் ஒழுகுது. ரெண்டும் ஒரே இடத்துக் கோளாறுன்னு எப்படி சொல்றீங்க?

ஒரே சந்திப்பு, எதிரெதிர்க் கோளாறு. கட்டுவிரியன் நஞ்சில் ஒரு பகுதி நரம்பு முனையையே சேதப்படுத்தி அசிட்டைல்கோலின் வெளிவருவதை நிறுத்துகிறது. இன்னொரு பகுதி தசையின் ஏற்பியை அடைக்கிறது. முதலில் இமை தொங்கும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. காலையில் வயிறு வலிக்கிறது, கண் திறக்க முடியவில்லை என்று வருவார்கள். நரம்பு முனை சேதமான பிறகு நஞ்சு முறிவு மருந்தால் அதைத் திருப்ப முடியாது. முனை வளரும்வரை வென்டிலேட்டர்தான் உயிரைப் பிடித்து வைக்கும். ஆகவே கட்டு போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கை கால் அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பிலும் வயலிலும் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்து அந்தச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. அசிட்டைல்கோலின் தேங்கிவிடும். எச்சில், கண்ணீர், நெஞ்சில் சளி, ஊசிமுனை போன்ற கண்பாவை, தசையில் துடிப்பு, பிறகு தளர்ச்சி. இதற்குக் கொடுக்கும் முறிவு மருந்தான அட்ரோபின் சுரப்புகளை நிறுத்தும், ஆனால் தசையின் ஏற்பி வேறு வகை என்பதால் தசைத் தளர்ச்சியைத் தீர்க்காது. கண்பாவை விரிந்துவிட்டது என்று மூச்சைக் கவனிக்காமல் விடக்கூடாது என்று வார்டில் சொல்வது இதனால்தான்.

கால்சியம் குறைஞ்சா அசிட்டைல்கோலின் வராது, தசை தளரணும். ஆனா விரல் ஏன் இழுத்துக்குது?

நல்ல கேள்வி, யோசித்துப் படிப்பவர்தான் இதைக் கேட்பார். கால்சியத்துக்கு வெளிப்பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. சவ்வின் வெளிமுகத்தில் உள்ள மைனஸ் மின்னூட்டங்களை அது மூடி, சோடியம் மதகு எளிதில் திறக்காமல் பார்த்துக்கொள்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அந்தக் காவல் தளர்ந்து, நரம்பு சும்மா இருக்கும்போதே செய்தி அனுப்பும். நுண்பைகள் கொட்டுவதற்கு அப்போதும் போதுமான கால்சியம் இருக்கும். அது நிற்கும் அளவுக்குக் குறையும் முன்பே இந்த இழுப்பு வந்துவிடும்.

தைராய்டு அறுவையில் பக்கத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கால்சியம் குறையும். அந்த அறுவை முடிந்த நோயாளிக்கு பிபி பார்க்கும்போது கவனியுங்கள். பட்டையை இறுக்கிச் சில நிமிடம் விட்டால் மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற விரல்கள் நீட்டி விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்குபவருக்கும் இதே இழுப்பு வரும். கரியமில வாயு குறைந்து ரத்தம் காரத்தன்மை அடைய, கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கட்டற்ற கால்சியம் குறைகிறது.

டயாலிசிஸ்ல இருக்கற எங்கப்பாவுக்கு பலாப்பழமும் இளநீரும் கூடாதுங்கறாங்க. பொட்டாசியம் ஏறினா நரம்பு தூண்டப்படும்தானே, இதயம் ஏன் நிக்குது?

பண்ருட்டியில் பலா குவியும் மாதங்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். வெளியே பொட்டாசியம் 4 ஆக இருந்தபோது சமநிலை மைனஸ் 95 என்றோம். அது 8 ஆனால் சமநிலை மைனஸ் 76-க்கு வந்துவிடும். ஆக ஓய்வு மின்னழுத்தம் மேலே ஏறி, மதகு திறக்கும் அளவை நெருங்கும். ஆரம்பத்தில் தூண்டல் எளிதாகும், நீங்கள் சொன்னது அதுவரை சரி. ஆனால் சவ்வு அங்கேயே நின்றுவிடுகிறது. சோடியம் சேனலின் உள் அடைப்பு விலக, சவ்வு நன்றாக மைனஸுக்குப் போகவேண்டும் என்று முன்பு சொன்னேனே, அது நடக்காது. அடைபட்ட சேனல்கள் கூடிக்கொண்டே போகும். தசை தளரும். ஈசிஜியில் முதலில் டி அலை கூர்மையாக உயரும், பிறகு கியூஆர்எஸ் (இதயக் கீழறைகள் தூண்டப்படுவதைக் காட்டும் அலை) அகலும், பிறகு இதயம் நிற்கும். சிறுநீரகம் வேலை செய்பவருக்கு ஒரு இளநீரின் பொட்டாசியம் வெளியேறிவிடும். அப்பாவுக்கு வெளியேறாது, தேங்கும்.

நர்சிங் பிள்ளைகள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலில் பெரும்பாலும் 20 மில்லிமோல் இருக்கும். ஒரு பெரியவரின் ரத்தத்தில் பிளாஸ்மா சுமார் 3 லிட்டர். லிட்டருக்கு 4 என்றால் மொத்தமே 12 மில்லிமோல். அந்த ஆம்பூலை நேராக ரத்தக்குழாயில் தள்ளினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். எப்போதும் கரைத்து, நன்றாகக் கலக்கி, மெதுவாகத்தான் ஏற்றவேண்டும்.

பொட்டாசியம் ஏறினவருக்கு எதுக்கு கால்சியம் குளுகோனேட் போடறாங்க? அது பொட்டாசியத்தை இறக்குமா?

ஒரு துளிகூட இறக்காது. முந்தைய கேள்விக்கு முந்தையதில் சொன்ன வெளிக்காவலை அது பலப்படுத்துகிறது. ஓய்வு மின்னழுத்தம் மேலே ஏறிவிட்டதால், மதகு திறக்கும் அளவையும் மேலே தள்ளி, இரண்டுக்கும் நடுவே பழைய இடைவெளியைத் தற்காலிகமாக மீட்டுத் தருகிறது. சில நிமிடங்களில் ஈசிஜி திருந்தும். இன்சுலினும் குளுக்கோஸும் கொடுப்பது பம்பை முடுக்கிப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் அனுப்ப. உடம்பைவிட்டே வெளியேற்ற டயாலிசிஸ்தான். குளுகோனேட்டின் பலன் அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான் நிற்கும். ஈசிஜி அழகாகிவிட்டது என்று மானிட்டரைக் கழற்றாதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அப்போதும் அதே அளவில்தான் இருக்கிறது.